முக்திநாத்துக்கு முன் ஒரு கொங்கு ஒத்திகை

வெள்ளி, கோவை

சித்திரையில் எங்கள் குழு நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் போகிறது. அதற்கு முன்னால் அதே ஆட்களைக் கொங்கு நாட்டுக்குள்ளேயே ஒரு சுற்று அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். கோபி, பெருந்துறை, காங்கயம், தாராபுரம் என்று பல ஊர்க்காரர்கள். பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். யாருக்கு முட்டி வலி, யாருக்கு மலைப்பாதையில் தலை சுற்றும், யார் மாத்திரை போட மறப்பார் என்பதெல்லாம் ஒரே பஸ்ஸில் சேர்ந்து போனால்தான் தெரியும். இந்தத் தடவை இன்னொரு வேலையும் இருக்கிறது. நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்பதை இங்கேயே இவர்களுக்குப் பழக்கிவிட வேண்டும். ஒவ்வொரு நாள் இரவும் நடந்ததை எழுதுகிறேன். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே போகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

முக்திநாத் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலம். அது இருப்பதோ இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டில் முட்டி நிற்கும் இமயமலையில். 2015 ஏப்ரல் 25, நண்பகலுக்குச் சற்று முன், கோர்க்கா பகுதியில் 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை, அங்கே பள்ளி விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லை. மே 12-ஆம் தேதி மறுபடி 7.3 அளவில் ஓர் அதிர்வு. முதல் அதிர்ச்சியில் விரிசல் விட்டு நின்ற கட்டடங்கள் பல அப்போது விழுந்தன.

காலையில் காந்திபுரத்தில் டிபன் முடித்து மதுக்கரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். இதையெல்லாம் நான் மைக்கில் சொல்லச் சொல்ல, முன் சீட்டில் இருந்த காங்கயத்து அப்பாரு கையைத் தூக்கினார்.

"அங்கெல்லாம் சரிங்க அம்மிணி. நம்மூர்ல பூமி ஆடுமுங்களா? இது பூராவும் பாறையாச்சுங்களே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பஸ்ஸை வாளையாறு பக்கம் விடச் சொல்லியிருந்தேன். சாலையை விட்டு ஒதுங்கி, வெட்டவெளியாக இருந்த ஓர் இடத்தில் எல்லோரையும் இறக்கினேன். காற்று சேலையையும் வேட்டியையும் பிடித்து இழுத்தது. வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்ததுபோலப் பாலக்காட்டுக் கணவாய். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வது இந்த வாசல் வழியாக வரும் காற்றில்தான். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஏன் இப்படி விலகி நிற்கிறது என்று நம்மில் பலர் யோசித்ததே இல்லை. பாலக்காட்டிலிருந்து கிழக்கே காவிரி வரைக்கும் நிலத்தடியில் ஒரு பழைய நொறுங்கல் பட்டை ஓடுகிறது. நீலகிரிக்கு வடக்கே மோயாறு, கிழக்கே பவானி ஆற்றுப் போக்கை ஒட்டி இன்னொன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் நெருக்கிப் பிசைந்த தடம் இது. பாறை கெட்டிதான், அதிலே சந்தேகம் இல்லை. ஆனால் அதில் பழைய தழும்புகள் இருக்கின்றன. வடக்கே இமயமலையில் விழுகிற அழுத்தம் மொத்தத் தட்டுக்கும் பரவுகிறது. எப்போதாவது ஒரு தழும்பில் அது தளர்கிறது.

அப்படித் தளர்ந்த நாள்தான் 1900 பிப்ரவரி 8. நாங்கள் நின்றுகொண்டிருந்த இந்தக் கணவாய்ப் பக்கத்தில் மையம். அளவு ஏறக்குறைய 6. தென்னிந்தியா முழுக்க உணர்ந்திருக்கிறார்கள். கோவையிலும் பாலக்காட்டிலும் கட்டடங்கள் சேதமடைந்தன. அன்றைய கோவை ஒரு சிறு ஊர். இன்றைக்கு அதே அளவு வந்தால் எத்தனை மாடிக் கட்டடங்கள் அதன் மேல் நிற்கின்றன என்று அப்பாருவே எண்ணிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கோவை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாறை ஊர்" என்று நம்பி இருந்த இன்னோர் ஊரின் கதையையும் சொன்னேன். மராட்டியத்தில் லாத்தூர் மாவட்டம், கில்லாரி. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். பிள்ளையார் ஊர்வலம் முடிந்து வந்து சனம் அசந்து தூங்கிய நேரம். அளவு 6.2 தான். கிட்டத்தட்ட 10,000 பேர் போய்விட்டார்கள். மண்ணைக் குழைத்து வைத்துக் கட்டிய கனத்த கல் சுவர்கள் தூங்கியவர்கள் மேலே சரிந்தன. அதுவரை நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் அந்த இடம் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்த வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலம். இமயமலை நான்கிலும் ஐந்திலும் வருகிறது.

இதைச் சொன்னது பயமுறுத்த இல்லை. நம் ஊரில் பெரிய அதிர்வு அபூர்வம், நேபாளத்தில் அப்படி இல்லை. இரண்டு இடத்திலும் ஆளைக் கொல்வது சுவரும் கூரையும்தான். அதனால் நேபாளத்துக்காகக் கற்றுக்கொள்வது காங்கயத்திலும் உதவும்.

மதியம் பேரூர் பட்டீசுவரர் தரிசனம், சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. மாலை லாட்ஜுக்கு வந்ததும் சாவி வாங்குவதற்கு முன்பே எல்லோரையும் வெளியே நிறுத்திக் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னேன். தரைத்தளம் முழுக்கத் தூண்கள் மட்டும், வண்டி நிறுத்துமிடம். மேலே செங்கல் சுவரோடு மாடிகள். இப்படிக் கட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. மேல்மாடிகள் சுவர்களால் விறைப்பாக இருக்கும், கீழ்த்தளம் மட்டும் வளைந்து கொடுக்கும். அசைவு முழுதும் அந்தத் தூண்களின் தலையிலேயே விழும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் விழுந்த மாடிக் குடியிருப்புகள் பல இந்த வகைதான். தூண்களுக்கு நடுவில் தேவையான இடத்தில் சுவர் வைத்து, கம்பியைச் சரியாகக் கட்டியிருந்தால் இதே கட்டடம் தாங்கும். வெளியே நின்று பார்த்து எது எப்படி என்று சொல்ல முடியாது. அதனால் காத்மாண்டுவிலும் பொக்காராவிலும் அறை எடுக்கும்போது நான் கேட்கப்போவது இரண்டு: கட்டடம் எந்த ஆண்டில் கட்டியது, கீழ்த்தளம் கடைகளுக்காகவோ வண்டிக்காகவோ திறந்து கிடக்கிறதா. வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. உயரம் குறைந்த, 2015-க்குப் பிறகு புது விதிப்படி கட்டிய இடமாகப் பார்க்க வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் முதல் ஒத்திகை. கீழே குந்த வேண்டும், தலையையும் பிடரியையும் கையால் மூட வேண்டும், கெட்டியான மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். தாராபுரத்து அமுச்சி ஒருவர் அதை மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்: "குந்து, மூடு, புடி." அதற்கப்புறம் கூடம் முழுக்க அதுதான்.

முட்டி வலிக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, இந்தக் குழுவில் பாதிப்பேருக்கு அதுதான் நிலைமை. கீழே குந்தி எழ முடியாதவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, முன்னால் குனிந்து, தலையையும் கழுத்தையும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டால் போதும். கட்டிலில் படுத்திருந்தால் எழுந்து ஓட வேண்டாம், குப்புறத் திரும்பித் தலையணையைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் ஓடுகிறவர்கள்தான் கண்ணாடித் துண்டை மிதிக்கிறார்கள், படியில் உருளுகிறார்கள். செருப்பும் டார்ச்சும் கட்டிலை ஒட்டி இருக்க வேண்டும். லிப்ட் பக்கமே போகக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பூமி ஆடுகிற அந்த அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் என்னால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. எனக்கே நிற்க முடியாது. குழுவை நடத்துகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தனி ஆள்தான். அவரவர் உடம்புக்கு முன்பே பழகியிருப்பது மட்டுமே கைகொடுக்கும். என் வேலை அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும்தான்.

சனி, பொள்ளாச்சி

ஆழியாறு அணைக்கட்டில் காலை நடை. அப்புறம் வால்பாறை ஏற்றம், 40 கொண்டை ஊசி வளைவுகள். முக்திநாத் போகும் காளி கண்டகிப் பாதை இதைவிடப் பல மடங்கு மோசம். ஆனால் பாடம் படிக்க இது போதும். ஓட்டுநர் அண்ணனிடம் முந்தின நாளே பேசி வைத்திருந்தேன். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் "இப்போ ஆடினால் எங்கே நிறுத்துவீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். முதலில் அவருக்கு எரிச்சல். ஏழெட்டு வளைவு தாண்டியதும் நான் கேட்கும் முன்பே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இங்க ஆவாதுங்க, மேல பாறை தொங்குது. அதோ அந்த அகலமான இடம் பரவால்லீங்க."

எனக்கு வேண்டியது அதுதான். வண்டி ஓடும்போது சிறு அதிர்வு தெரியவே தெரியாது, பெரிய அதிர்வு டயர் வெடித்ததுபோல இருக்கும். அப்போது சடாரென்று பிரேக் போடாமல் வேகத்தைக் குறைத்து, பாலம், மின்கம்பி, பெரிய மரம், செங்குத்துச் சரிவு இவற்றுக்குக் கீழே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, கைப்பிரேக் போட வேண்டும். ஆட்கள் உள்ளேயே இருந்து தலையை முன்சீட்டுக்குக் கீழே தாழ்த்திக்கொள்ள வேண்டும். மின்கம்பி வண்டிமேல் விழுந்துவிட்டால் மின்வாரிய ஆட்கள் வந்து துண்டிக்கும் வரை யாரும் இறங்கக் கூடாது. மலைப்பாதையில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. சமவெளியில் நிறுத்திக் காத்திருப்பது சரி. கல் உருளும் சரிவுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், ஆட்டம் நின்ற உடனே அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். அடுத்த பின்னதிர்வு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மலைச்சரிவு நமக்குப் புதிது இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தி, அச்சணக்கல் பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நம் ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது மழையால் வந்தது. நிலநடுக்கம் அதே வேலையை மழையே இல்லாமல் பல சரிவுகளில் ஒரே நேரத்தில் செய்துவிடும். அதிலிருந்து மீள வாரக்கணக்காகும். தளர்ந்த சரிவு அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும். 2015 மே மாதக் கடைசியில் மியாக்டி மாவட்டத்தில் மலை சரிந்து காளி கண்டகி ஆற்றையே அடைத்துவிட்டது. மேலே ஏரிபோலத் தண்ணீர் தேங்கியது. கீழே கரையோர ஊர்களில் இருந்த ஆயிரக்கணக்கானோரை மேட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அணை உடைந்து தண்ணீர் போய்விட்டது. முன்கூட்டியே விலகியதால் மக்கள் தப்பினார்கள். முக்திநாத் போகிறவர்கள் சாளக்கிராமம் எடுக்கிற ஆறு இதுதான். அதிர்வுக்குப் பிறகு மலை ஆற்றில் தண்ணீர் திடீரென்று வற்றினால் மேலே எங்கேயோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். கல் பொறுக்க ஆற்றுக்குள் இறங்கவே கூடாது, மேடு பார்த்து ஏற வேண்டும். இதை வால்பாறையில் டீ குடிக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆர்வத்தில் முதலில் இறங்குகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது வளைவில் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அட்டகட்டிப் பக்கம் வரையாடு பார்த்தோம். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் நீலமாகத் தெரிந்தது.

இரவு தங்கல் பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டத்தில், பழைய தொட்டிக்கட்டு வீடு. அரிசிம்பருப்புச் சோறு, கட்டித்தயிர், சந்தகை. நடுவே முற்றம், சுற்றிலும் நாட்டோட்டுத் தாழ்வாரம், முழங்கை நீளத்துக்கு அகலமான மண் சுவர். பார்க்க அவ்வளவு அழகு. இந்த மாதிரி வீட்டில் "குந்து, மூடு, புடி" மட்டும் போதுமா என்று இருந்து பேசினோம். இங்கே விஷயம் கொஞ்சம் மாறும். கம்பி போட்ட கான்கிரீட் கட்டடத்தில் உள்ளேயே குந்துவது நல்லது. மண் சுவரும் கனத்த ஓட்டுக் கூரையும் உள்ள வீட்டில், வாசலுக்கு நான்கைந்து எட்டு தூரத்தில் கீழ்த்தளத்தில் இருந்தால் வெளியே போய்விடுவதுதான் மேல். தூரமாக இருந்தால், தூக்கத்தில் இருந்தால், கட்டிலுக்கோ மேசைக்கோ பக்கத்தில் குந்திக்கொள்ள வேண்டும். வெளியே என்றால் நிஜமாகவே வெளியே. முற்றம் வெளி ஆகாது, நான்கு பக்கத்து ஓடும் அதற்குள்தான் சரியும். களத்துமேடு வரைக்கும் போக வேண்டும்.

2023 நவம்பர் 3 நள்ளிரவையொட்டி நேபாளத்து ஜாஜர்கோட்டில் அதிர்ந்தபோது அளவு 5.7 தான் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் கணித்தது. நம் 1900 அதிர்வைவிடச் சிறியது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், எல்லோரும் தூங்குகிற நேரம். அளவு என்கிற எண்ணை மட்டும் பார்த்து "சின்னதுதான்" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் பரண்மேல் இருந்த பித்தளை அண்டாக்களைக் கீழே இறக்கி வைக்கலாமா என்று கேட்டேன். கட்டிலுக்கு நேர் மேலே இருந்தன. மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் இறக்கிவிட்டார், அடுத்த அறையில் சுவரோடு சாய்ந்து நின்ற பழைய பீரோவையும் கயிறு போட்டுக் கட்டினார். விடிகாலையில் பார்த்தபோதும் அப்படியே இருந்தது.

ஞாயிறு, சிவன்மலை

தைப்பூசத் தேர் முடிந்துவிட்டதால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைத்தோம், ஞாயிறு ஞாயிறுதான். சிவன்மலை முருகனிடம் நம் ஆட்களுக்கு எவ்வளவு பற்று என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளைச் சுவாமியிடம் பூக்கேட்டு, அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் பொருள் அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தபோது ஆழிப்பேரலை வந்தது என்று மக்கள் சொல்வார்கள். எங்கள் குழுவிலும் பெட்டியின் முன்னால் நெடுநேரம் நின்று கைகூப்பினார்கள். நானும்தான்.

வெளியே வந்ததும் பெருந்துறை அக்கா கேட்டார்: "அப்போ நிலநடுக்கத்தையும் முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமுங்களா?"

சுவாமி உத்தரவு என் பேச்சுக்கு அப்பாற்பட்டது. விஞ்ஞானத்தில் இன்றைக்கு வரை, இந்தத் தேதியில் இந்த இடத்தில் நிலநடுக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி இல்லை. வாட்ஸ்அப்பில் "இன்று இரவு 12 மணிக்கு இன்னொன்று வருமாம்" என்று வருகிற செய்தி எல்லாமே பொய். 2015-இல் அப்படி வதந்திகள் பரவியதுதான் நினைவுக்கு வருகிறது. முடிவது வேறொன்று. அதிர்வு ஆரம்பித்த பிறகு, அதன் வேகமான முதல் அலை நொடிக்கு 6 கிலோமீட்டர் போல ஓடும். சேதம் செய்கிற இரண்டாம் அலை அதில் பாதி வேகத்தில் பின்னால் வரும். அந்த இடைவெளியில் எச்சரிக்கை அனுப்ப முடியும். ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதி 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. மையத்துக்கு மிக அருகில் இருந்தால் எச்சரிக்கை எட்டுவதற்குள் ஆட்டம் வந்துவிடும். தள்ளி இருந்தால் சில நொடிகள் கிடைக்கலாம். குந்துவதற்கு அது போதும். எல்லோர் போனிலும் அமைப்புகளுக்குள் போய் அதைத் திறந்து வைத்துவிட்டேன். சிலரிடம் பட்டன் போன்தான், அவர்கள் பக்கத்தில் உட்காருகிறவர் தட்டி எழுப்ப வேண்டும்.

கோயில்தான் எனக்கு ரொம்பக் கவலை. கூட்டத்தில் நிற்கும்போது ஆடினால் முதலில் வருவது கல் இல்லை, ஆள். ஒருவர் கத்தினால் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள், படியில் விழுவார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரே விதி: ஓடுகிற கூட்டத்தோடு ஓடாதே. கம்பித் தடுப்புக்குள் வரிசையில் இருந்தால் அங்கேயே குந்தித் தலையை மூடிக்கொள், ஆட்டம் நின்றபிறகு நடந்து வா. கோபுரத்தின் அடிப்பகுதி கல்வேலை, மேலே செங்கல், சுண்ணாம்பு, சுதைச் சிற்பங்கள். முதலில் உதிரக்கூடியது அந்தச் சுதைதான். அதனால் செருப்பு விடுவதற்கோ, ஆள் சேருவதற்கோ, ஐஸ் சாப்பிடுவதற்கோ கோபுர வாசலுக்கு நேர் அடியில் நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். காத்மாண்டு தர்பார் சதுக்கத்துக் கோயில்களிலும் இதே விதிதான். 2015-இல் அங்கே செங்கல்லும் மரமும் வைத்துக் கட்டிய பழைய கோயில்கள் இடிந்தன. நகர நடுவில் நின்ற தரகரா கோபுரமும் இடிந்து விழுந்தது. இவற்றைச் சுற்றிப் பார்க்கலாம், நிழலில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம்.

தரிசனத்துக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் பேசுவது அபசகுனம் என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவர் மனம் புரிகிறது. அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "உங்க பேத்திங்களை நாளைக்கு நான் கூட்டிட்டுப் போனா, சொல்லாம கூட்டிட்டுப் போகச் சொல்வீங்களாங்க?" கொஞ்ச நேரம் கழித்து அவரே மற்றவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்: இங்கே நில்லுங்க, இங்கே நிக்காதீங்க.

திங்கள், பவானி

கூடுதுறையில் குளியல், சங்கமேசுவரர் தரிசனம். அதிகம் எழுத நேரம் இல்லை, மதியத்துக்கு மேல் எல்லோரும் அவரவர் ஊருக்குப் பிரிகிறார்கள்.

இன்றைய ஒத்திகை "அதற்குப் பிறகு" என்னும் பகுதி. ஆட்டம் நின்றது என்று வைத்துக்கொண்டு விசில் ஊதினேன். குழுவை ஏற்கனவே ஜோடி ஜோடியாகப் பிரித்திருக்கிறேன், கணவன் மனைவியை வேண்டுமென்றே வேறு வேறு ஜோடியில் போட்டு. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் அவர்கள் இல்லை என்று சொல்ல ஆள் இருக்காது. ஒவ்வொருவரும் தன் ஜோடியைத் தேடி, இருவருமாகப் பேசி வைத்த திறந்த இடத்துக்கு வர வேண்டும். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், ஒரு ஜோடி மட்டும் இல்லை. அரை மணி நேரம் தேடினோம். ஜமக்காளம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். கலர் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களை யாரும் குறை சொல்லவில்லை. பவானிக்கு வந்து ஜமக்காளம் வாங்காமல் எப்படிப் போவது? அதனால் ஒரு விதி சேர்த்தோம்: எந்த ஜோடி தனியே கிளம்பினாலும் இன்னொரு ஜோடியிடம் எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில், நிஜமாக நடந்திருந்தால், இரண்டு மூன்று பேர் அவர்களைத் தேடி இடிபாட்டுக்குள் நுழைந்திருப்பார்கள். வெளியே பத்திரமாக இருப்பவரைத் தேடப் போய் உள்ளே மாட்டிக்கொள்வது இப்படித்தான் நடக்கும்.

ஆட்டம் நின்றபின் என் கண் முதலில் போவது ஆட்களிடம், பிறகு தலைக்கு மேல், பிறகு கேஸ் வாசனை. வாசனை வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், மின் சுவிட்சைத் தொடவும் வேண்டாம். அடிபட்டவரை, மேலே ஏதாவது விழப்போகிற இடமாக இருந்தால் ஒழிய, அசைக்கக் கூடாது. விரிசல் விட்ட கட்டடத்துக்குள் பாஸ்போர்ட்டுக்காகவோ நகைக்காகவோ யாரும் திரும்பிப் போகக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். அதனால்தான் அடையாள அட்டை, மாத்திரை, கொஞ்சம் பணம், தண்ணீர் பாட்டில், விசில் எல்லாம் எப்போதும் இடுப்பில் கட்டுகிற பையில் இருக்க வேண்டும் என்று சொல்வது. நேபாளத்துக்கு நமக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். அதன் நகல் ஒன்று பையில், ஒன்று என்னிடம், ஒன்று ஊரில்.

போன் விஷயம். அந்த நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் அழைப்பதால் லைன் கிடைக்காது, குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். எல்லோரும் அவரவர் வீட்டுக்கு அடிக்க வேண்டாம். கோபியில் இருக்கிற என் தம்பிக்கு நான் ஒரே செய்தி அனுப்புவேன், அவன் பட்டியலைப் பார்த்து எல்லா வீட்டுக்கும் சொல்வான். அந்தப் பட்டியல் காகிதத்தில் இருக்கிறது: பெயர், ரத்த வகை, என்ன நோய், என்ன மாத்திரை, வீட்டு எண், யாருக்கு யார் ஜோடி. போன் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் தீராது. நேபாளத்தில் போலீஸ் 100, சுற்றுலாப் போலீஸ் 1144, இரண்டையும் பட்டியலின் தலையில் எழுதியிருக்கிறேன். நம் ஊரில் என்றால் 112, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

காங்கயத்து அப்பாரு கிளம்பும்போது தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டார். மாடிமேல் பிளாஸ்டிக் தொட்டி, எதிலும் கட்டாமல் நிற்கிறதாம், அதற்கு நேர் கீழேதான் பேரன்கள் விளையாடுவார்களாம். கொத்தனாரைக் கூப்பிட்டு அதைப் பிடிப்பாகக் கட்டச் சொன்னேன். பஸ் ஏறுவதற்குள் மகனுக்குப் போன் போட்டுவிட்டார்.

அடுத்த கூட்டம் மாசி அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு, காலை பத்து மணிக்கு, கோபியில் எங்கள் வீட்டு வாசலில். வருகிறவர்கள் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டின் நகல் இரண்டும், வாக்காளர் அட்டை நகலும் கொண்டு வாருங்கள். உங்கள் ஜோடியையும் கூட்டி வாருங்கள், தனியாக வந்தால் பெயர் எழுத மாட்டேன்.